மகோகனிக் கன்றுகளும் நிழலின் அளவும்

மகோகனி அமெரிக்காவின் உஷ்ணப் பிரதேசங்களுக்கு உரிய மரம். வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பெரிய இலை ஜாதி 1872-ஆம் வருஷத்தில் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இம்மரத்தை வைக்க எண்ணும் முத்தாபுதுப்பேட்டைப் பக்கத்து நிலச்சுவான்தார்கள் ஒரு விஷயத்தை முன்னதாகவே கவனித்தல் நலம். மகோகனியின் விலை அதன் அடிமரம் கிளையின்றி நேராக ஓடுவதைப் பொறுத்தது. அதைக் கெடுப்பது குருத்துத் துளைப்புழு.

புழுவின் சேதம்

இப்புழுவின் தாய் ஓர் அந்துப்பூச்சி. இரவில் பறந்து இளந்தளிர்களில் முட்டையிடும். வெளிவரும் புழு நுனிக்குருத்தைக் குடைந்து உட்செல்லும். குருத்து வாடித் தொங்குவதும், துளை வாயில் நூலோடு கூடிய எச்சம் காண்பதும் அடையாளங்கள். புழு தண்டினுள் இருப்பதால் மருந்து எளிதில் எட்டாது. கன்று பெரும்பாலும் சாவதில்லை. ஆனால் நுனி பட்டுப்போய்ப் பல கிளைகள் வெடிக்கும். பலகைக்கு ஆக வேண்டிய மரம் விறகுக்குப் போகும்.

நிழலின் நன்மையும் தீமையும்

வெட்டவெளியில் மகோகனி மட்டுமே நெருங்கி நின்றால் கன்றுகள் விரைந்து வளரும், பூச்சியும் மிகும். நிழலிலும் பிற மரங்களின் நடுவிலும் சேதம் குறைவு. ஆயினும் அடர்ந்த நிழலில் கன்று மெலிந்து வளர்ச்சி குன்றும். ஆகவே பக்கங்களில் நிழலும் உச்சியில் வெளிச்சமும் இருத்தல் வேண்டும்.

செய்ய வேண்டிய முறை

1. வெற்றிலைக் கொடிக்காலில் போல, வரிசைகளின் இடையே அகத்தியை முன்னதாக விதைத்துக்கொள்க.

2. அகத்தி கன்றின் தலைக்கு மேல் கவியாதபடி அவ்வப்போது கவாத்து செய்க. தழை கால்நடைகளுக்குத் தீவனமாகும்.

3. மழைக்குப்பின் தளிர் விடும் காலத்தில் வாரம் ஒருமுறை குருத்துகளைப் பார்வையிடுக. வாடியதைத் துளை முடியும் இடத்திற்குக் கீழே, நல்ல தண்டுவரை வெட்டிக் கொளுத்துக.

4. பின்னர் வெடிக்கும் தளிர்களில் நேரானதும் வலுவுள்ளதுமான ஒன்றை மட்டும் நிறுத்தி, மற்றவற்றை முற்றுமுன் கிள்ளிவிடுக.

அடிமரம் சுமார் 20 அடிக்கு நேராக ஓங்கிய பின் புழு தாக்கினும் விலையுள்ள பாகத்திற்கு நஷ்டமில்லை. அப்போது நிழல் மரங்களைப் படிப்படியாக நீக்கிவிடலாம். ஒரே நாளில் வெட்டுதல் கூடாது.

புறம்போக்கில் மரம் வைக்கும் கிராம அதிகாரிகளும் இம்முறையையே கைக்கொள்ளலாம். முதல் சில வருஷங்களில் குருத்தைக் காத்தவரே பிற்காலத்தில் பலகையை அறுப்பர்.