நேர்த்திக்கடன்: இதுல தண்டனை எங்க இருக்கு?



தைப்பூசம் வந்தாலே பத்துமலை வீடியோ எல்லா குரூப்லயும் சுத்த ஆரம்பிச்சிடும். வெளிநாட்டுக்காரங்க எடுத்ததா இருந்தா, "தங்களைத் தாங்களே தண்டித்துக்கொள்ளும் பக்தர்கள்"ங்கிற மாதிரி ஒரு வரி கீழே ஓடும். நம்ம ஆளுங்களும் அதை அப்படியே ஃபார்வர்டு பண்றாங்க.

இது சும்மா வார்த்தைச் சண்டை இல்ல. ஒரகடத்துல ஷிஃப்ட் வேலை பாக்குற ஒரு தம்பி, வேலை கிடைச்சா வல்லக்கோட்டை முருகனுக்கு அலகு குத்துறேன்னு வேண்டியிருந்தான். வேலை கிடைச்சிடுச்சு. ஆனா நடுவுல சர்க்கரை வந்திடுச்சு. புண் ஆற லேட்டாகும், குத்தவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். "செய்யலைன்னா முருகன் தண்டிப்பாராண்ணா?"ன்னு கேட்டான். பாவம், தூக்கமே இல்ல அவனுக்கு.

நாம இதுக்கு வெச்சிருக்கிற பேரையே எடுத்துக்குவோம். நேர்த்திக்கடன். 'நேர்தல்'னா சம்மதித்தல், தர ஒப்புக்கொள்ளுதல். "நேர்ந்துக்கிட்டேன்", "நேந்து விட்ட கெடா"ன்னு ஊர்ல சொல்றோமே, அதே சொல்தான். அதாவது, மேல இருந்து யாரோ விதிச்சது இல்ல. நாமளா வாய்விட்டு ஒப்புக்கிட்டது.

அடுத்தது கடன். நமக்கு இந்த வார்த்தையைக் கேட்டதும் பைக் லோனும் இ.எம்.ஐ. மெசேஜும்தான் ஞாபகம் வரும். பழைய தமிழ்ல கடன்னா கடமை. புறநானூறு 312ஆம் பாட்டுல பொன்முடியார் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கடன் சொல்றாங்க. பெத்து வளர்க்கிறது தாயோட கடன், சான்றோனாக்குறது தகப்பனோட கடன், வேல் வடிச்சுக் கொடுக்கிறது கொல்லனோட கடன். (நம்ம ஏரியாவுல மெஷின் ஓட்டுறவங்க இந்தக் கடைசி வரியைக் கவனிக்கணும். வேலே ஒரு பட்டறையில இருந்துதான் வருது!) இதுல எங்கயும் வட்டி இல்ல, அபராதம் இல்ல.

காவடியும் அப்படித்தான். 'கா'ன்னா தோள்ல வெச்சு ரெண்டு பக்கமும் பாரம் தொங்கவிடுற தண்டு. 'காவுதல்'னா சுமத்தல். இடும்பன் கதை தெரியும்தானே? அகத்தியர் கேட்டார்னு ரெண்டு மலையைத் தூக்கிக்கிட்டு வந்தவர். தன்னைத் தண்டிச்சுக்கவா தூக்கினார்? குரு சொன்ன வேலை, அதைச் செய்தார்.

சரி, வலிக்குன்னு தமிழ்ல சொல்லே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. நோன்பு. 'நோல்'ங்கிற வேர்ல இருந்து வந்தது, அர்த்தம் பொறுத்துக்கிறது. திருக்குறள்ல 27ஆவது அதிகாரம் தவம். முதல் குறள்ல வள்ளுவர் தவத்தோட வடிவமா ரெண்டே விஷயம் சொல்றார்: வந்த துன்பத்தைத் தாங்குறது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாம இருக்கிறது. 'வந்த' துன்பம்ங்கிறதுதான் எனக்கு முக்கியமாப் படுது. தேடிப்போய் வாங்குற வலியை அவர் கணக்குல சேர்க்கல. அதுக்காக விரதம் இருந்து, முறையா அலகு குத்துறவங்களை நான் குறை சொல்லல. அவங்க மனசுல தண்டனைங்கிற நினைப்பே இருக்காது, கேட்டுப் பாருங்க.

அந்தத் தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். சொன்னபடி செய்ய முடியாம போனா நம்ம வீடுகள்ல ஒரு வழக்கம் உண்டு. மஞ்சத்துணியில ஒரு காசு முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வெச்சிட்டு, முடியுறப்போ செலுத்துவாங்க. "மறக்கல முருகா"ன்னு சொல்ற மாதிரி. அலகுக்குப் பதிலா பால்குடம், மொட்டைன்னு மாத்திக்கிறவங்களும் நிறைய பேர். கோயில் குருக்கள்கிட்டயே கேட்டுக்கலாம்.

அவன் அம்மா காசு முடிஞ்சு வெச்சுட்டாங்க. ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடம் எடுக்கப்போறான், அன்னைக்கு நைட் ஷிஃப்டை மாத்திக் கேட்டிருக்கான். வெறும் வயித்தோட நடக்காதடான்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன்.

வேலும் மயிலும் துணை.