கடற்கரையைத் தாண்டிய இலங்கை: ஒர்க் ஷீட்டில் ஒரு பயணத் திட்டம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், கடிதம் டைப் செய்தபின், பாட்டுக் கேட்டபின், "இனி இதை வைத்து வீட்டுக்கு என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள் என்பதுதான் என் பதில். நான் கொடுத்த வேலை, 2025 மார்ச்சில் திருவண்ணாமலையிலிருந்து இலங்கைக்கு நாங்கள் நால்வர் போய்வந்த எட்டு நாள் பயணத்தைத் திட்டமிடுவது. எங்கள் வீட்டில் யாரும் அதற்கு முன் பாஸ்போர்ட் எடுத்ததில்லை.

இலங்கை என்றதும் சுற்றுலா விளம்பரங்கள் கடற்கரையைக் காட்டுகின்றன. எங்களுக்கு வேண்டியது அது அல்ல. என் மாமனார் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. அந்தக் கணக்கில் ஒருவராக, 1972இல், 14 வயதில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்தார். பிறந்த லயத்தை ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மாமியாருக்குத் திருக்கோணேஸ்வரம். என் மனைவிக்குச் சிகிரியா. பணம் மாமனாரின் சேமிப்பு. இன்னொரு முறை போக முடியாது. ஆகவே எட்டு நாளில் ஒரு நாள் வீணானாலும் யாரோ ஒருவரின் ஆசை விட்டுப்போகும்.

முதலில் ஒர்க் ஷீட்

எக்செல் இருந்தால் அதைத் திறந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டிலும் இங்கு சொல்வது எல்லாம் வேலை செய்யும். முதல் வரிசையில் ஏ முதல் எச் வரை இப்படித் தலைப்புகளைத் தாருங்கள்: நாள், எங்கிருந்து - எங்கே, புறப்பாடு, சேரும் நேரம், பயண நேரம், கி.மீ., செலவு (இலங்கை ரூபாய்), செலவு (நம் ரூபாய்).

நேரத்தை 6:30, 14:15 என்று நடுவில் முக்காற்புள்ளி வைத்து டைப் செய்திடுங்கள். புள்ளி வைத்தால் கம்ப்யூட்டர் அதை நேரமாக எடுத்துக்கொள்ளாது. இப்போது இ2 செல்லில் =டி2-சி2 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் அமைத்திடவும்.) பயண நேரம் கிடைக்கும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் ஒன்று இருக்கும். அதைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைகளுக்கும் பார்முலா சென்றுவிடும். இரவு 11 மணிக்கு ஏறி விடியற்காலை 5 மணிக்கு இறங்கினால் விடை மைனஸில் வந்து, செல் முழுக்க வெறும் கட்டக் குறிகள் தெரியலாம். பயப்பட வேண்டாம். அந்த வரிசையில் மட்டும் =டி2-சி2+1 என்று மாற்றுங்கள். அந்த 1 என்பது ஒரு நாள்.

அடுத்துக் கூட்டல். இ காலத்தின் கீழே, காலியான செல்லில் கர்சரை வைத்து ஆல்ட் கீயுடன் சமக்குறியை அழுத்தி என்டர் தட்டுங்கள். வீட்டில் எல்லாரும் கேட்ட ஊர்களை நான் முதலில் அப்படியே போட்டேன்: யாழ்ப்பாணம், திருகோணமலை, சிகிரியா, கண்டி, தலவாக்கலை, எல்ல, காலி, கொழும்பு. மொத்தம் 10:15 என்று வந்தது. எட்டு நாளில் பத்தேகால் மணி நேரம்தானா என்று வீட்டில் மகிழ்ச்சி!

அது பத்தேகால் அல்ல. சாதாரண நேர பார்மட் கடிகாரம் போன்றது. 24 மணியைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்தச் செல்லைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + 1 அழுத்துங்கள். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் எக்செல் என்றால் கஸ்டம், கால்க் என்றால் யூசர் டிபைண்ட் என்ற பிரிவில், [எச்]:எம்எம் என்று ஆங்கில எழுத்தில் அமைத்து ஓகே கிளிக் செய்திடுங்கள். சதுர அடைப்புக்குறி மிக முக்கியம். இப்போது உண்மை தெரிந்தது: 34:15. எட்டு நாளில் ஒன்றரை நாள் முழுக்க வண்டியில்.

சின்னத் தீவு, நீண்ட சாலை

இலங்கையின் பரப்பு சுமார் 65,610 சதுர கி.மீ.; தமிழ்நாட்டில் பாதி. வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இதை நம்பித்தான் பலர் ஒரு நாளில் மூன்று ஊர் என்று எழுதிவிடுகிறார்கள். கூகுள் மேப்ஸில் ஒரு இடத்தின் மீது ரைட் கிளிக் செய்து மெஷர் டிஸ்டன்ஸ் தேர்ந்தெடுத்தால் கிடைப்பது காக்கை பறக்கும் தூரம். டைரக்‌ஷன்ஸ் பகுதியில் கிடைப்பதுதான் சாலைத் தூரம். மலையகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அதோடு, லீவ் நவ் என்று இருப்பதை டிபார்ட் அட் என மாற்றி, நீங்கள் புறப்படும் கிழமையையும் நேரத்தையும் கொடுத்துப் பாருங்கள். நடு இரவில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவருக்குக் காலியான சாலையின் கணக்குதானே வரும்! என் கணக்கு எளிது: சமவெளியில் மணிக்கு 40 கி.மீ., மலையில் 25. கண்டியிலிருந்து நுவரெலியா 75 கி.மீ. பக்கம்தான்; மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

எல்ல, காலி, கொழும்பு நகர்ச் சுற்றல் ஆகியவற்றை நீக்கினோம். மொத்தம் 28:00 ஆனது. எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தை விட என் மனைவிக்கு மனம் வரவில்லை. 1921இல் கட்டிய அழகான பாலம்தான். ஆனால் அதற்காக இன்னொரு நாள் வண்டியில் இருக்க 67 வயதுக்காரரின் முதுகு ஒப்பாது.

பௌர்ணமியும் பருவமழையும்

திருவண்ணாமலைக்காரர்களுக்குப் பௌர்ணமி என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் தவித்தவர்கள் நாம். இலங்கையிலும் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா என்ற பொது விடுமுறை. அரசு அலுவலகங்கள், வங்கிகள் மூடியிருக்கும்; பௌத்தக் கோயில்களில் கூட்டம் நெரியும். ஆகவே ஏ காலத்தில் தேதிகளைப் போட்டதும், போயா நாளுக்கு மஞ்சள் வண்ணம் தீட்டிவிடுங்கள். 2025 மார்ச் 13 வியாழன் போயா. அன்று கண்டி தலதா மாளிகைப் பக்கம் போகாமல் திருகோணமலையில் இருக்கும்படி அமைத்தேன். தலவாக்கலைக்கு ஞாயிறு 16ஆம் தேதி. கொழுந்து பறிக்கப் போகாமல் ஆட்கள் வீட்டில் இருக்கும் நாளாக வேண்டும் என்று மாமனார் சொன்னார்.

இன்னொரு விஷயம் மழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பு, காலி, மலையின் மேற்குச் சரிவுகளை நனைக்கும். அக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை வடக்கும் கிழக்கும் நம் ஊர் போலவே நனையும். தீவை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்க நினைப்பவர்களுக்கு பிப்ரவரி, மார்ச் பொருத்தம். சிவனொளிபாத மலை ஏற நினைப்பவர்களுக்கும் டிசம்பர் போயா முதல் மே மாத வெசாக் வரைதான் பருவம். 2,243 மீட்டர், இரவில் ஏறுவார்கள். நம் அண்ணாமலையைப் போல இரண்டு பங்குக்கு மேல் உயரம். மாமியார் கேட்டுவிடக் கூடாதே என்று அதை நான் வாய் திறக்கவில்லை.

தேடுவது எப்படி?

இலங்கைத் தகவல்களைத் தமிழிலேயே தேடலாம். ஆனால் அவர்கள் சொற்கள் வேறு. ரயில் என்று தேடினால் நம் ஊர்ச் செய்திகள்தான் வந்து கொட்டும். "புகையிரத சேவை" என்று தேடுங்கள். இலங்கைப் பத்திரிகைகள் கிடைக்கும். பாஸ்போர்ட்டுக்குக் "கடவுச்சீட்டு". ஹட்டனை "அட்டன்" என்றும் எழுதிப் பாருங்கள்.

கிடைத்த பக்கத்தின் தேதியைப் பார்க்காமல் எதையும் ஷீட்டில் ஏற்றாதீர்கள். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது, மழைக்காலத்தில் நிற்கிறது. சென்னை - யாழ்ப்பாணம் விமானம் 2019இல் வந்து, 2020இல் நின்று, 2022 டிசம்பரில் திரும்பியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலில் மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. நாங்கள் போனது அதற்கு முன். இப்போது போகிறவர்கள் எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டே டிக்கெட் தேட வேண்டும். தேடல் பக்கத்தில் டூல்ஸ் கிளிக் செய்தால் எனி டைம் என்று ஒரு மெனு கிடைக்கும். அதில் கடந்த ஒரு மாதம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

விலைப் பட்டியல்களிலும் இதே கவனம் தேவை. 2022இல் இலங்கை ரூபாயின் மதிப்பு சரிந்தது. அதற்கு முந்தைய பக்கங்களில் உள்ள ஹோட்டல் வாடகையை வைத்துக் கணக்குப் போட்டால் துண்டு விழும். எங்கள் ஷீட்டில், ஒரு இந்திய ரூபாய்க்கு எத்தனை இலங்கை ரூபாய் என்பதை கே1 செல்லில் மட்டும் வைத்தேன். எச்2 செல்லில் =ஜி2/$கே$1 என்று அமைத்து கீழே இழுங்கள். டாலர் குறி எதற்கு? பார்முலாவை இழுக்கும்போது ஜி2 என்பது ஜி3, ஜி4 என நகரும். டாலர் பூட்டிய கே1 நகராது. மாற்று விகிதம் மாறும்போது ஒரே ஒரு செல்லைத் திருத்தினால் போதும். டாலரை நீங்கள் டைப் செய்ய வேண்டியதுகூட இல்லை. கே1 என்று எழுதியதும் எஃப்4 கீயை அழுத்துங்கள்.

விசா விஷயத்தில் மட்டும் தேடல் முடிவுகளை நம்பாமல், முகவரியை நீங்களே டைப் செய்திடுங்கள். இலங்கை அரசின் தளம் இடிஏ என்று தொடங்கி, ஜிஓவி, எல்கே என்று முடியும். அதே போலத் தோற்றம் தந்து கூடுதல் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் விளம்பரமாக மேலே வந்து நிற்கும். கட்டணமும் விதிகளும் 2023க்குப் பின் பல முறை மாறியுள்ளன. எனவே பக்கத்து வீட்டார் சென்ற ஆண்டு எவ்வளவு கட்டினார் என்பது உங்களுக்கு உதவாது.

லயத்தைத் தேடியது

எனக்கு அதிக நேரம் எடுத்தது இதுதான். மாமனாருக்குத் தெரிந்தது தோட்டத்து ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர். வரைபடத்தில் இருப்பது வெள்ளைக்காரத் துரைகள் வைத்த பெயர். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆகவே பெயரை விட்டுவிட்டு, அவர் நினைவில் இருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். தலவாக்கலை ஸ்டேஷனுக்கு நடக்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தோட்டத்து ரோட்டில் நின்றால் எதிரே நீர்வீழ்ச்சி தெரியும்; அது சென்கிளையர். ஃபேக்டரிக்குக் கீழே ஆறு.

கூகுள் மேப்ஸில் லேயர்ஸ் கிளிக் செய்து சாட்டிலைட் தேர்ந்தெடுத்தால் வானிலிருந்து எடுத்த படம் கிடைக்கும். ஸ்டேஷனிலிருந்து மெஷர் டிஸ்டன்ஸ் மூலம், பாதையின் வளைவு தோறும் கிளிக் செய்து ஐந்து கி.மீ. வரை போனேன். தேயிலை ஃபேக்டரியின் நீண்ட தகரக் கூரை மேலிருந்து நன்றாகவே தெரியும். பக்கத்தில் வரிசை வரிசையாக லயன்கள். நீர்வீழ்ச்சி எதிரே வரும்படியாக மூன்று இடங்கள் தேறின. மாமனாரைப் பக்கத்தில் உட்கார வைத்து மௌஸ் சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்கிக் காட்டினேன். முதல் இரண்டுக்கும் தலையை ஆட்டினார். மூன்றாவதில் வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒரு வளைவைத் தொட்டு, "இங்கதான் மாரியம்மன் கோயில்" என்றார். படத்தில் அங்கே ஒரு மரம்தான் தெரிந்தது. அந்த மரத்தை நம்பி ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினோம். கோயில் அதன் அடியில் இருந்தது.

அப்படி ஒரு இடம் கிடைத்தால், அதன் மேல் ரைட் கிளிக் செய்திடுங்கள். மெனுவின் மேலே இரண்டு எண்கள் தெரியும். அவற்றில் கிளிக் செய்தால் காப்பி ஆகும். அதை ஷீட்டில் பேஸ்ட் செய்து வையுங்கள். டிரைவரிடம் பெயர் சொல்லி விளக்கத் தேவையில்லை. அவர் போனில் அந்த எண்களைக் கொடுத்தால் போதும்.

கடைசியாக, மலையில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. போனில் அந்தப் பகுதியின் ஆஃப்லைன் மேப்பை வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். ஷீட்டை கண்ட்ரோல் + பி அழுத்தி, பேப்பரைக் குறுக்குவாட்டில், அதாவது லேண்ட்ஸ்கேப்பாக வைத்து, ஆளுக்கு ஒரு பிரதி பிரிண்ட் எடுங்கள். பெரியவர்களுக்கு எழுத்து அளவை 16 ஆக்கிவிட்டு எடுக்கவும். நம் நேரமும் இலங்கை நேரமும் ஒன்றே என்பதால் அதில் உள்ள மணிக்கணக்கை மாற்ற வேண்டியிருக்காது.