குடிநீர்க் கணக்கும் கடவுச்சொல்லும்

குடிநீர் வழங்குதல் பஞ்சாயத்தின் தலையாய கடமைகளுள் ஒன்று என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. கிணறும் கயிறும் உருளையுமாக இருந்த காலத்தில் அக்கடமையில் மறைப்பதற்கு ஏதுமில்லை. இன்றோ ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரைச் செல்பேசியினின்றே இயக்குகிறோம். தொட்டி நிறைந்ததும் தானே மோட்டாரை நிறுத்தும் கருவிகளும் வந்துவிட்டன. கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில், தொலைவிலுள்ள நீரேற்று நிலையத்தைக் கணிப்பொறி வாயிலாகக் கண்காணிக்கவும் முடிகிறது. ஆகவே, முன்பு இல்லாத ஒரு கேள்வி எழுகின்றது: குடிநீர்த் திட்டத்தின் தஸ்தாவேஜுகளை ஊரார் கேட்டால் எவற்றைக் காட்டலாம், எவற்றைக் காட்டலாகாது?

பாதுகாப்பு என்று சொல்லி எல்லாவற்றையும் பூட்டி வைப்பது எளிது. கேட்டதனைத்தையும் பாராமலே நகலெடுத்துக் கொடுப்பதும் எளிது. இரண்டும் சட்டத்திற்குப் பொருந்தா.

தகவல் பெறுவதற்கென 1997-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய மாநிலம் நமது தமிழ்நாடு. நாடு முழுவதற்குமான தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி, கேட்ட தகவலைச் சாதாரணமாக 30 நாட்களுக்குள் தருதல் வேண்டும். காகிதத்தோடு உரிமை முடிந்துவிடவில்லை. நடைபெறும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் குடிமகனுக்கு உரிமையுண்டு. பதிக்கப்படும் குழாயின் தரத்தில் ஐயமுற்ற விவசாயி அதன் மாதிரியையே கேட்கலாம்.

சில தகவல்களை மறுக்க இச்சட்டத்தின் 8-ஆம் பிரிவு இடந்தருகிறது. நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு செய்வனவும், ஒருவரது உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிப்பனவும் அவற்றுள் அடங்கும். ஆயினும், மறைப்பதால் தவிர்க்கப்படும் தீங்கைக் காட்டிலும் வெளியிடுவதால் விளையும் பொதுநன்மை மிகுமாயின் வெளியிடலாம் என்றும் அப்பிரிவே கூறுகிறது. நமக்கு மிகவும் பயன்படுவது 10-ஆம் பிரிவாகும். ஒரு தாளில் மறைக்க வேண்டிய பகுதி இருப்பின் அதனை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சியதைக் கொடுக்கலாம் என்பது அதன் கருத்து.

ஓர் உதாரணம் காண்போம். செல்பேசியால் இயங்கும் மோட்டார்த் தொடக்கி ஒன்றைப் பஞ்சாயத்து வாங்குகிறது. பட்டியலில் விலை, விற்பனையாளர் பெயர், பொருத்துக்கூலி ஆகியவை உள்ளன. அதன் அடியிலேயே, கருவியிலுள்ள சிம் அட்டையின் எண்ணையும் இரகசியக் குறியீட்டையும் பொருத்தியவர் எழுதி வைத்திருக்கிறார். விலை ஊராருடைய பணம். அதனை அறிய அவர்களுக்கு முழு உரிமையுண்டு. எண்ணும் குறியீடுமோ தொட்டியின் சாவிக்கு ஒப்பானவை. சில தொடக்கிகள் பதிவு செய்த எண்களின் கட்டளையை மட்டுமே ஏற்கும். வேறு சில, குறியீடு தெரிந்த எவருக்கும் பணியும். ஆகவே நகலில் அவ்விரண்டு வரிகளின் மேல் மை பூசிவிட்டு, தாளைக் கொடுத்தல் வேண்டும். இரண்டு வரிகளுக்காகப் பட்டியல் முழுவதையும் மறுப்பது, சாவிக்கொத்து கிடக்கிறது என்பதற்காகப் பஞ்சாயத்து அலுவலகத்தையே பூட்டுவது போலாகும்.

ஐயம் எழும்போது ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: இத்தாளைக் கொண்டு ஒருவர் கணக்கைச் சரிபார்ப்பாரா, மோட்டாரை இயக்குவாரா? மின்கட்டணம், ஒப்பந்தத் தொகை, நீர்ப் பரிசோதனை முடிவு ஆகியவற்றில் இரகசியம் எதுவுமில்லை. ஊரினுள் செல்லும் குழாய்த் தடத்தையும் சிலர் மறைக்க விரும்புகின்றனர். தன் நிலத்தின் அடியில் குழாய் செல்வதை அறியாத விவசாயி மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்கு அத்தடத்தைக் காட்டியே ஆக வேண்டும்.

நிற்க. தஸ்தாவேஜுகளைப் பூட்டுவதால் இயந்திரம் காக்கப்படுமா? அயல்நாடுகளில் நடந்த இரு நிகழ்ச்சிகள் இதற்கு விடை தருகின்றன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மரூச்சி என்னும் வட்டாரத்தில் 2000-ஆம் ஆண்டு கழிவுநீரேற்று நிலையங்கள் காரணமின்றிப் பழுதாயின. சுமார் 8,00,000 லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. அவ்வியந்திரங்களை அமைத்த ஒப்பந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்து விலகிய ஒருவர், மடிக்கணினியும் வானொலிக் கருவியும் கொண்டு இதனைச் செய்தார் என்பது பின்னர் நிரூபணமாயிற்று. பதிவேட்டைப் படித்து அவர் எதனையும் கற்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள அலிக்விப்பா என்னும் சிற்றூரில், 2023 நவம்பரில் நீரழுத்தத்தைச் சீராக்கும் கருவி ஒன்றை வெளியார் கைப்பற்றினர். பணியாளர்கள் அதனைத் துண்டித்துக் கையால் இயக்கியதால் குடிநீர் தடைப்படவில்லை. அவ்வகைக் கருவிகள் இணையத்தில் நேரடியாகத் திறந்து கிடந்ததும், தொழிற்சாலையில் இட்ட 1111 என்ற கடவுச்சொல் பல இடங்களில் மாற்றப்படாதிருந்ததும் அத்தாக்குதல்களுக்கு வழிவகுத்தன. கருவியின் விலையைக் கிராமத்தாரிடம் மறைத்திருந்தால் அக்கதவு மூடியிருக்குமா?

அதே நாட்டில் 2018-இல் இயற்றிய சட்டமொன்று நமக்கும் ஒரு வழி காட்டுகிறது. 3,300 பேருக்கு மேற்பட்டோர்க்கு நீர் வழங்கும் நிலையங்கள் தமக்கு நேரக்கூடிய ஆபத்துக்களை ஆராய்தல் வேண்டும். ஆராய்ந்து முடித்தோம் என்ற சான்றைத் தேதியுடன் மத்திய அரசுக்கு அனுப்பினால் போதும்; ஆபத்துக்களின் விவரம் நிலையத்திடமே இருக்கும். கடமை செய்யப்பட்டதா என்பது வெளியே தெரிகிறது. பலவீனம் எங்கே என்பது தெரிவதில்லை.

தகவலை மறுக்க நேரின் 'பாதுகாப்பு' என்ற ஒற்றைச் சொல் போதாது. எப்பிரிவின்படி, என்ன காரணத்தால் மறுக்கப்படுகிறது, எத்தனை நாட்களுக்குள் யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதைப் பொதுத் தகவல் அலுவலர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பஞ்சாயத்திலே செய்யத்தக்கது பெருஞ்செலவு பிடிப்பதன்று. கருவி பொருத்திய அன்றே தொழிற்சாலைக் குறியீட்டை மாற்றிவிட வேண்டும். தொட்டி இயக்குபவர் மாறினாலும், ஒப்பந்தக்காரரின் காலம் முடிந்தாலும், அன்று மாலைக்குள் மீண்டும் மாற்றி, பழைய எண்களையும் கருவியினின்று நீக்குதல் அவசியம். மாற்றிய தேதியையும் மாற்றியவர் கையொப்பத்தையும் ஒரு பதிவேட்டில் குறிக்க வேண்டும். குறியீட்டை அதில் எழுதலாகாது. 2022 முதல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ஆம் நாளும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களுள் சேர்க்கப்பட்டுள்ளது. மின்கட்டண இரசீதுகளோடும் நீர்ப் பரிசோதனை அறிக்கையோடும் இப்பதிவேட்டையும் அன்று சபையின் முன் வைக்கலாம்.