ஐசியூவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

இளம் டாக்டர்கள், சிஸ்டர்கள், பிசியோக்கள் எல்லோருக்கும் இந்த வேலையிலேயே தலை நரைத்தவன் சொல்வது. நோயாளியைச் சீக்கிரம் எழுப்பி உட்கார வைப்பது நல்லது என்று நீங்கள் படித்துவிட்டுத்தான் வருகிறீர்கள். கட்டில் பக்கத்தில் போனதும் கை ஏன் தயங்குகிறது என்பதைத்தான் பேச வேண்டும்.

1. படுக்க வைத்திருப்பதை ஓய்வு என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் 63 ஐசியூ நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்த ஆய்வு 2013-இல் வந்தது. பத்து நாளில் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 18 சதவீதம் குறைந்திருந்தது. நுரையீரல் தேறிய பிறகும் டம்ளரைத் தூக்க முடியாமல் சிலர் திணறுவது இப்படித் தசை கரைவதால்தான்.

2. எழுப்பும் முன் விழிக்க விடுங்கள். ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவரிடம் பிசியோ என்ன செய்ய முடியும்? சிகாகோவிலும் அயோவாவிலும் 104 பேரிடம் செய்த ஆய்வு 2009-இல் ‘லான்செட்’டில் வந்தது. மயக்க மருந்தைத் தினமும் நிறுத்திப் பார்ப்பது இரு பிரிவுக்கும் உண்டு. ஒரு பிரிவுக்கு அந்த நேரத்திலேயே பயிற்சியும் கொடுத்தார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் அந்தப் பிரிவில் 59 சதவீதம், மற்றதில் 35. பிதற்றலும் குழப்பமும் நீடித்த நாட்களும் பாதியாகக் குறைந்தன.

3. டியூப் இருப்பதையே சாக்காகச் சொல்லாதீர்கள். ஜெர்மனியில் 116 ஐசியூக்களில் ஒரே நாளில் கணக்கெடுத்தார்கள். கட்டில் விளிம்பிலாவது உட்கார்ந்தவர்கள், கழுத்தில் ட்ரக்கியாஸ்டமி இருந்தவர்களில் 39 சதவீதம். வாய்வழி டியூப் இருந்தவர்களில் வெறும் 8. ஆனால் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 103 பேரை 1,449 முறை உட்கார்த்தியும் நடத்தியும் பார்த்ததில் மூச்சு டியூப் ஒன்றுகூடக் கழன்று வரவில்லை.

4. பயத்துக்கு வரம்பு எழுதி வையுங்கள். 2014-இல் வல்லுநர் குழு ஒன்று சிக்னல் விளக்குபோலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துக் கொடுத்தது. ஆக்சிஜன் 60 சதவீதத்துக்குள், சேச்சுரேஷன் 90-க்குக் குறையாமல், மூச்சு நிமிடத்துக்கு 30-க்குள் என்றால், மூச்சைப் பொறுத்தவரை பச்சை. கட்டுக்கு வராத ரத்தப்போக்கு சிவப்பு. பிபியை ஏற்றும் மருந்துக்கு மட்டும், எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அளவை அவர்களாலும் சொல்ல முடியவில்லை. அங்கே சீனியரைக் கேளுங்கள்.

5. ஆயத்தமே பாதி வேலை. டியூபின் கட்டு இறுக்கமாக இருக்கிறதா, வென்டிலேட்டர் குழாய் நீளம் எட்டுமா, சென்ட்ரல் லைன் எங்கே சிக்கும், யூரின் பேக் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு நோயாளியைத் தொடுங்கள். டியூபைப் பிடிப்பவர் ஒருவரே. “ஒன்று, இரண்டு, மூன்று” சொல்வதும் அவரே. முதலில் விளிம்பில் உட்காரட்டும். தலை நின்றால் கால் ஊன்றலாம். நடை அதற்குப் பிறகு.

6. வேகம் காட்டாதீர்கள். ஆறு நாடுகளில் 750 பேரிடம் நடந்த ‘டீம்’ ஆய்வு 2022-இல் வெளியானது. தினம் ஏறத்தாழ 21 நிமிடம் பயிற்சி பெற்றவர்களுக்கு, 9 நிமிடம் பெற்றவர்களைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. இதயத் துடிப்பு தாறுமாறாவது, பிபி ஏறி இறங்குவது போன்ற பாதகங்கள் 4.1 சதவீதத்திலிருந்து 9.2 ஆகின. எழுப்பவே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. குறைவாகப் பெற்ற பிரிவினரையும் எழுப்பித்தான் இருக்கிறார்கள். கடிகாரத்தை விட்டுவிட்டு நோயாளியின் முகத்தைப் பாருங்கள்.

7. வீட்டாரிடம் முன்கூட்டியே பேசுங்கள். “இந்த நிலைமையிலயா எழுப்புறீங்க?” என்று அம்மா பதறத்தான் செய்வார். எதற்காக என்று விளக்கிவிட்டால் அவரே பக்கத்தில் நின்று, “இன்னும் கொஞ்சம் உட்காருப்பா” என்பார்.

8. யாருடைய வேலை என்பதைக் காலை ரவுண்ட்ஸிலேயே முடிவு செய்யுங்கள். டாக்டர் எழுதவில்லை என்பார் பிசியோ. பிசியோ வரவில்லை என்பார் சிஸ்டர். யாரும் கேட்கவில்லை என்பார் டாக்டர். மூவரும் விஷயம் தெரிந்தவர்கள்தான். நோயாளி மட்டும் படுத்தே கிடப்பார். அதனால் ஒவ்வொரு கட்டிலிலும் இன்று எதுவரை எழுப்பலாம் என்று கேளுங்கள். முடியாது என்றால் காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். “நாளைக்குப் பார்க்கலாம்” என்பது காரணம் ஆகாது.