உறைக்கு வெளியே ஒன்று, கடைசி ஏட்டில் ஒன்று

கேள்வி: துண்டுத்துணி ஒட்டிப் போர்வை தைத்து விற்கிறேன். போர்வையின் பின்புறம் ஒரு பெயர்த்துண்டு தைக்கிறேன். வாங்குவோருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது ‘விடயம்’ என்ற இடத்தில் ஒரு வரி எழுதுகிறேன். இரண்டிலும் ஒரே வரியை எழுதலாமா? இந்த வழக்கங்கள் எங்கிருந்து வந்தவை? – வாசகி, கட்டுகஸ்தோட்டை.

பதில்: எழுத வேண்டாம். இரண்டும் ஒரு வரிக்குள் அடங்குவதால் உடன்பிறந்தவை போலத் தெரிகின்றன. பிறந்த வீடு வேறு. விடய வரி, பொதியைத் திறக்காதவருக்காக எழுதப்படுவது. பெயர்த்துண்டு, எல்லாம் முடிந்தபின் வருகிறவருக்காக எழுதப்படுவது.

மின்னஞ்சலிலிருந்து தொடங்குவோம். 1971இல் ரே டொம்லின்சன் என்ற பொறியியலாளர் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மடல் அனுப்பியபோது தலைப்பகுதியை எப்படி எழுதுவது என்பதற்குப் பொது விதி இருக்கவில்லை. 1973 செப்டெம்பரில் அபய் பூஷண், கென் போக்ரன், டொம்லின்சன், ஜிம் வைட் ஆகிய நால்வரும் ஆர்.எஃப்.சி. எனப்படும் வலைப்பின்னல் விதி ஆவண வரிசையின் 561ஆம் இலக்கத்தில் அனுப்புநர், திகதி, விடயம் என்ற வரிகளுக்கு ஓர் ஒழுங்கை முன்மொழிந்தார்கள். 2008இல் வந்த ஆர்.எஃப்.சி. 5322ஐப் பார்த்தால் ஒரு சுவையான செய்தி கிடைக்கும்: மடலில் கட்டாயம் இருக்கவேண்டிய தலைப்பு வரிகள் திகதியும் அனுப்புநரும்தான். விடயம் இல்லாமலும் மடல் போய்ச் சேரும். ஆக, கொண்டுசேர்க்கும் இயந்திரத்துக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. அது முழுக்க முழுக்க மனிதருக்கானது.

அப்படியானால் அதைப் பொறியியலாளர்களின் கண்டுபிடிப்பு என்று ஏன் சொல்லக்கூடாது என்று கேட்கலாம். அவர்கள் ஒழுங்குபடுத்தினார்கள், வழக்கம் ஏற்கெனவே கந்தோர் மேசையில் இருந்தது. கண்டிக் கச்சேரியிலிருந்து வரும் கடிதத்தைப் பாருங்கள். மேலே ‘எனது இல.’, ‘உமது இல.’, திகதி, விளிக்குக் கீழே அடிக்கோடிட்ட ஒரு தலைப்பு. கடிதத்தை முழுக்கப் படிக்காமலே எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று எழுதுநர் தெரிந்துகொள்வதற்குத்தான் அவ்வளவும். கடிதத்தைவிடச் சரக்கில் இது இன்னும் தெளிவு. 1867இல் கண்டிப் பகுதியின் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1883 ஜூலை 30இல் கொழும்பில் முதல் பகிரங்கத் தேயிலை ஏலம் நடந்தது. தோட்டம் ஓரிடம், வாங்குபவர் வேறிடம், நடுவே ஆணி அடித்த பலகைப் பெட்டி. பெட்டியின் மேல் தோட்டக் குறி, பி.ஓ.பி. போன்ற தரம், இன்வொய்ஸ் இலக்கம், எடை. தேயிலையைப் புகழ அங்கே இடமில்லை. சுவை பார்ப்பதற்கு மாதிரி தனியே போகும். பெட்டி திறந்ததும் எழுத்தின் வேலை முடிந்தது. வெறும் பெட்டி, வீடு மாறுகிறவர்கள் சாமான் கட்ட உதவியது. இன்று பெட்டியின் இடத்தில் கடதாசிச் சாக்கு வந்துவிட்டது. எழுதும் முறை பெரிதாக மாறவில்லை.

ஆகவே ‘வணக்கம்’, ‘அவசரம்’, ‘ஒரு சிறு செய்தி’ என்பவை விடய வரிகளே அல்ல. ‘நீலப் போர்வை: 14ஆம் திகதி பேராதனையில் ஒப்படைப்பு, உறுதிசெய்யவும்’ என்பது விடய வரி. பொருள் முதலில், கேட்பது கடைசியில். கைபேசித் திரை வாலை வெட்டினாலும் தலை தப்பும். ஆவலைத் தூண்டும் வரியைத்தான் மக்கள் திறக்கிறார்கள் என்று விளம்பரக்காரர் மறுப்பார். திறக்கலாம். ஆறு மாதம் கழித்து அந்த ஓடரைத் தேடும்போது ‘உங்களுக்கு ஓர் ஆச்சரியம்’ என்ற மடல் எதற்கு உதவும்?

பெயர்த்துண்டுக்கு வருவோம். அதன் முன்னோடியைக் காண நீங்கள் மாத்தளை வீதியில் போனால் போதும். கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்தத் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டதாக மரபு சொல்லும் அலுவிகாரை அங்கேதான் இருக்கிறது. ஏட்டுச்சுவடிகளில், சிங்களமோ தமிழோ, கடைசி ஏட்டில் சில வரிகள் தனியாக நிற்பதுண்டு: யார் எழுதினார், யாருக்காக, எப்போது. போர்வை தைக்கிறவர்கள் அதைப் பார்த்துக் கற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1840களில் அமெரிக்கப் பெண்கள் ஊரைவிட்டுப் போகிற தோழிக்காக ஆளுக்கொரு துண்டில் அழியாத மையால் கையெழுத்திட்டுப் போர்வை தைத்தபோது, இதே தேவையே அவர்களையும் எழுதவைத்தது. கைகளைவிட்டுப் போகும் பொருளில் கைகளின் பெயர் இருக்கவேண்டும். எழுதாதவர்களின் போர்வைகள் அருங்காட்சியகங்களில் ‘செய்தவர் தெரியவில்லை’ என்ற அட்டையோடு கிடக்கின்றன.

சுவடிகள் ஓர் எச்சரிக்கையும் தருகின்றன. தமிழ்ச் சுவடிகள் பலவற்றில் ஆண்டு, அறுபதாண்டுச் சுழற்சியின் பெயரால் மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். ‘பிரபவ’ என்றால் டெய்லர் தேயிலை நட்ட 1867ஆ, 1927ஆ, 1987ஆ? எழுதியவருக்கு அதில் ஐயமே இருந்திருக்காது. இரண்டு இலக்கத்தில் ஆண்டு எழுதுகிறவர்களும் அதே குழியில்தான் விழுகிறார்கள்.

பெயர்த்துண்டு வெறும் வியாபாரக் குறிதானே என்ற மறுப்பும் உண்டு. பல்லேகலைக் கைத்தொழிற்பேட்டையில் தைத்த சட்டையின் கழுத்தைப் புரட்டினால் நிறுவனம், நாடு, அளவு, துவைக்கும் முறை எல்லாம் இருக்கும். தைத்த பெண் இருக்கமாட்டாள். அது விற்பனைக்கும் பராமரிப்புக்கும் உரிய எழுத்து, தேவையானதே. ஆனால் துவைக்கும் முறையை ஓர் அட்டையில் தனியே கொடுத்துவிடலாம். துணியில் எழுதவேண்டியது உங்கள் பெயர், யாருக்காக, நான்கு இலக்க ஆண்டு, பிறகு ‘கட்டுகஸ்தோட்டை, கண்டி, இலங்கை’. ஊர்ப்பெயர் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். போர்வை டொரொன்டோவுக்கும் போகலாம். பருத்தித் துண்டைக் கஞ்சி போகத் துவைத்து, எழுத்தை நூலால் தையுங்கள், அல்லது துணிக்கென விற்கும் நிறமிப் பேனாவால் எழுதி இஸ்திரி போடுங்கள். பழைய இரும்பு மை துணியையே அரித்துவிடும். துண்டைக் கடைசியில் ஒட்டவைக்காமல், போர்வையின் மேல்துணி, நடுப்பஞ்சு, பின்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்துத் தையலோட்டுவதற்கு முன்பே பின்துணியின் மூலையில் தைத்துவிடுங்கள். தையல் அதன் ஊடாகவே ஓடும். பிய்க்க நினைப்பவர் போர்வையையும் பிரிக்கவேண்டி வரும்.