இரும்பு உறுதி: ஓர் அருட்சகோதரியின் நெடிய ஓட்டம்

விளையாட்டுப் பாட வேளைக்கு மணி அடித்ததும் நம்மில் பலர் முதலில் தேடுவது பந்தை அன்று, மர நிழலை. ஒருத்திக்குத் தலைவலி, இன்னொருத்திக்குக் கால் சுளுக்கு, மற்றொருத்திக்கு முடிக்க வேண்டிய வீட்டுப்பாடம். பத்தாம் வகுப்பில் அந்தப் பாட வேளை கணக்குப் பாடத்திற்கு மாறிப் போனாலும் நமக்குப் பெரிய வருத்தம் தோன்றுவதில்லை. "பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த ஓட்டமும் ஆட்டமும்?" என்று வீட்டில் பாட்டி கேட்டால், நாமும் உள்ளூர ஒப்புக்கொள்கிறோம்.

அந்தக் கேள்விக்கு விடை தேடவே இக்கட்டுரை. விடை சொல்ல நாம் அழைத்து வருபவர் ஓர் அருட்சகோதரி. பெயர் மடோனா பியூடர். அமெரிக்க மக்கள் அவரை "இரும்புக் கன்னியர்" என்று அன்போடு அழைக்கின்றனர்.

மூன்று போட்டிகள், ஒரே நாள்

அவர் பெயரோடு இணைந்த போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது அடுத்தடுத்துச் செய்து முடிக்க வேண்டும். இவ்வகைப் போட்டிகளில் மிகவும் புகழ் பெற்றது அயர்ன்மேன்.

இது தோன்றிய கதை சுவையானது. ஹவாய்த் தீவுகளில் சிலரிடையே ஒரு வாதம் எழுந்தது. உடல் வலிமையில் சிறந்தவர் நீச்சல் வீரரா, மிதிவண்டி வீரரா, ஓட்டக்காரரா? ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவருடைய மனைவி ஜூடியும் ஒரு வழி கண்டனர். அங்கு ஏற்கனவே தனித்தனியாக நடந்து வந்த மூன்று போட்டிகளின் தொலைவுகளையும் ஒரே நாளில் சேர்த்துவிட்டனர். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். அந்த ஆண்டு பெண் ஒருவரும் கலந்துகொள்ளவில்லை. மறு ஆண்டே லின் லெமேர் என்ற பெண் களத்தில் இறங்கி, ஆண்களையும் சேர்த்து எண்ணினால் ஐந்தாவதாக வந்து சேர்ந்தார்!

தொலைவுகளைப் பாருங்கள். கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், பின் 180 கிலோமீட்டர் மிதிவண்டி, அதன்பின் 42.195 கிலோமீட்டர் ஓட்டம். 400 மீட்டர் ஓடுபாதையில் கணக்கிட்டால், மிதிவண்டியில் 450 சுற்று, காலால் 105 சுற்றுக்கு மேல். நீச்சலை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. களைத்த கால் தரையில் தடுமாறினால் உட்கார்ந்துகொள்ளலாம். களைத்த உடலோடு நடுக்கடலில் உட்கார இடமில்லை. எல்லாவற்றையும் 17 மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும். காலையில் நீரில் இறங்குபவர் நள்ளிரவுக்குள் எல்லைக்கோட்டைத் தொடவேண்டும்; ஒரு நொடி தாண்டினாலும் முடித்தவர் பட்டியலில் பெயர் இராது.

நாற்பத்தெட்டில் முதல் ஓட்டம்

1930இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர் மடோனா பியூடர். 23ஆம் வயதில் நல்லாயன் சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். 1970இல் வேறொரு துறவியர் குழுவில் இணைந்தார். அதுவரை அவர் ஓட்ட வீராங்கனை அல்லர். 48ஆம் வயதில், ஆரிகன் மாநிலத்துக் கடற்கரையில், ஒரு குருவானவர் அவரிடம் ஓட்டத்தைப் பற்றிப் பேசினார். ஓடுவது உடலையும் உள்ளத்தையும் ஆன்மாவையும் இசைவாக்கும் என்பது அக்குருவானவரின் எண்ணம். சகோதரி ஓடிப் பார்த்தார். ஓட்டம் அவரைப் பற்றிக்கொண்டது.

52ஆம் வயதில் முதல் டிரையத்லான். 55ஆம் வயதில் முதல் அயர்ன்மேன். நம் ஊரில் பலர் ஓய்வு பெற நாள் எண்ணும் வயது அது! அதன்பின் முந்நூறுக்கும் மேற்பட்ட டிரையத்லான்களிலும், நாற்பதுக்கு மேற்பட்ட அயர்ன்மேன்களிலும் அவர் கலந்துகொண்டார். இதற்காக அவர் வேலையைத் துறக்கவில்லை. கூலி பெற்று ஓடவுமில்லை. ஆலயத்திற்கு ஓடியே போவார். நீந்தப் போகும் ஏரிக்கு மிதிவண்டியில் போவார். அன்றாட வழியே அவருக்குப் பயிற்சித் திடல். மிதிவண்டியிலிருந்து விழுந்து எலும்பு முறிந்த காலங்களும் உண்டு. எலும்பு கூடியதும் மீண்டும் புறப்பட்டார்.

ஐம்பத்தேழு நொடிகள்

2005ஆம் ஆண்டு ஹவாயில், தம் 75ஆம் வயதில், அவர் போட்டியை முடித்தபோது கடிகாரத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மீதம் இருந்தது. அந்த வயதில் அங்கு முடித்த முதற்பெண் அவரே. அடுத்த ஆண்டு மீண்டும் வந்தார். காலையில் கடல், பகலில் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைகளின் நடுவே வெப்பக் காற்று, இரவில் இருளில் ஓட்டம். அவர் எல்லைக்கோட்டைத் தொட்ட நேரம் 16 மணி 59 நிமிடம் 3 நொடி.

எஞ்சியவை 57 நொடிகள்! 17 மணி நேரம் என்பது 61,200 நொடிகள். அந்த நீண்ட நாளில், செருப்பு நாடாவைக் கட்ட ஒரு முறை அதிகமாகக் குனிந்திருந்தால்? "இனி ஆகாது" என்று ஒரு நிமிடம் கல்லின் மேல் அமர்ந்திருந்தால்? கடைசி நொடிகளில் காட்டிய வேகத்தால் மட்டும் அவர் வெல்லவில்லை. நண்பகலில், யாரும் கைதட்டாத இடத்தில், நில்லாமல் வைத்த அடிகளே நள்ளிரவில் அவரைக் காப்பாற்றின. தேர்வுக்கு முந்தைய இரவில் மட்டும் புத்தகத்தைத் திறக்கும் நமக்கு இதில் பாடம் உண்டல்லவா?

2012இல், கனடா நாட்டில், 82ஆம் வயதில் அவர் மற்றோர் அயர்ன்மேனை 16 மணி 32 நிமிடத்தில் முடித்தார். அவருடைய வயதில் வேறு பெண்கள் இல்லாமையால் அவருக்காகவே புதிய வயதுப் பிரிவுகள் ஏற்படுத்த வேண்டியதாயிற்று. அவர் திறந்த அந்தக் கதவின் வழியே பின்னாளில் வேறு மூதாட்டியரும் ஹவாயில் ஓடி முடித்துள்ளனர்.

அடைத்திருந்த கதவுகள்

கதவு எளிதில் திறக்கவில்லை. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினர். பெண்ணுடல் இதைத் தாங்காது என்று சொல்லி அப்போட்டியை நீக்கினர். அது திரும்பி வந்தது 1960இல்தான். பாஸ்டன் மாரத்தானில் பெண்களுக்கு இடமில்லாதிருந்த 1966இல், பாபி கிப் என்பவர் புதருக்குள் மறைந்திருந்து, ஓட்டம் தொடங்கியதும் கூட்டத்தோடு சேர்ந்து ஓடி முடித்தார். 1967இல் கேத்தரின் சுவிட்சர் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதி எண் அட்டை பெற்று ஓடினார். அதிகாரி ஒருவர் வழியில் பாய்ந்து வந்து அந்த அட்டையைப் பிடுங்க முயன்றார். சுவிட்சர் நிற்கவில்லை, ஓடி முடித்தார். 1972இல் பாஸ்டன் பெண்களை முறையாக ஏற்றது. 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்கள் மாரத்தான் நடந்தபோது, ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் தங்கம் வென்றார்.

தாங்காது என்று சொன்னவர்கள் உடலை ஆராய்ந்து சொல்லவில்லை. பழக்கத்தைக் கொண்டு சொன்னார்கள். பாட்டியின் கேள்விக்கு இதுவே முதல் விடை.

உடலுக்குள் நடப்பது என்ன?

நாம் உண்ணும் மாவுச்சத்து கிளைகோஜன் என்னும் வடிவில் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 50 கலோரி செலவாகும். 42 கிலோமீட்டருக்கு 2,100 கலோரி. சேமிப்பில் இருப்பதோ ஏறக்குறைய 1,500 முதல் 2,000 வரை. ஆகவேதான் 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் பலருக்குக் கால் கல்லாகிறது, கண் இருள்கிறது. உடலில் கொழுப்பு நிறைய உண்டு. ஆனால் அது மெல்ல எரியும் விறகு. நாள்தோறும் பயிற்சி செய்பவரின் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. அந்த விறகை எரிக்கும் திறனும் வளர்கிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளக் கற்றுக்கொள்கிறது. இது ஒரு வாரத்தில் நடப்பதன்று, மாதங்கள் வேண்டும்.

எனவே நெடுந்தொலைவு ஓடுவோரின் ஓராண்டும் நம் பள்ளி ஆண்டைப் போலவே அமைகிறது. முதலில் மெதுவான நீண்ட பயிற்சி, அடிப்படைப் பாடம் போல. பின்னர் சிறு போட்டிகள், காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகள் போல. முடிவில் பெரிய போட்டி. அதற்கு முந்தைய வாரங்களில் பயிற்சியைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தருவர். ஓய்வு சோம்பல் அன்று. உழைத்த தசை வலுப்பெறுவது ஓய்வில்தான்.

மற்றொன்றும் நாம் மறக்கலாகாது. இரும்புப் பெண்ணாக வேண்டுமானால் முதலில் இரத்தத்தில் இரும்பு வேண்டும். மூச்சுக்காற்றிலுள்ள பிராணவாயுவைத் தசைகளுக்குச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின்; அதற்கு இரும்புச்சத்து தேவை. நம் நாட்டுப் பெண்களில் பலருக்கு இச்சத்து குறைவு. கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், மீன், இறைச்சி ஆகியவை உதவும். உணவோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். உண்டவுடன் தேநீர் குடித்தால் குறையும். ஓடும்போது எளிதில் மூச்சிரைத்தால் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன், மருத்துவரிடம் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கும்படி பெற்றோரைப் பணிவுடன் வேண்டுகிறோம்.

நாம் தொடங்கலாமே!

நாம் எல்லோரும் 226 கிலோமீட்டர் கடக்க வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் போதும். முதல் வாரம் வேக நடை. அடுத்த வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஓடும்போது தோழியோடு பேச முடிகிறதா? அப்படியானால் வேகம் சரி. பேச்சுத் திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். தூரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். வலியை மறைக்காமல் ஆசிரியையிடம் சொல்ல வேண்டும். வெயில் ஏறுமுன் ஓடுவதும், தண்ணீர் குடிப்பதும் அவசியம்.

புனித சின்னப்பர் தம் திருமுகங்களில் கிறிஸ்தவ வாழ்வை ஓட்டப் பந்தயத்திற்கு ஒப்பிட்டிருப்பதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். அதைக் காலாலும் கற்க முடியும் என்று காட்டியவர் அருட்சகோதரி மடோனா. சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்? அந்தச் சுவரை எழுப்பும் பொறுப்பு நம்முடையது.

அடுத்த முறை விளையாட்டுப் பாட வேளைக்கு மணி அடிக்கும்போது, அந்த 57 நொடிகளை நினைத்துக்கொள்வோம். மர நிழல் எங்கும் போய்விடாது. ஓடி முடித்து வந்து அதில் அமர்வோம். அப்போதுதான் அந்த நிழலின் அருமையும் நமக்குத் தெரியும்.