ராட்டையோடு ரயிலேறும் முன்

மே மாதம் சேவாகிராமில் நூற்பு முகாமுக்குப் போகிறேன். பெட்டி ராட்டையை எப்படித் தயார் செய்வது? பஞ்சு எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும்?
- வாசகி, தென்காசி

ராட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம். எரவாடா சிறையில் காந்தி மெருகேற்றியது. மூடித் தூக்கிக்கொண்டு போகத்தானே செய்தார்கள்! வம்பு செய்வது கதிர்தான். கழற்றிக் கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். முனை துள்ளினால் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அதை மாட்டினால் அறுந்த இழையை ஒட்டியே பொழுது போய்விடும். மாற்றுக் கதிர் இரண்டு, கயிறு இரண்டு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சின்னக் குப்பி போதும். கதிர்களைப் பழைய பேனா டப்பாவில் போடுங்கள்; துணிகளுக்குள் செருகினால் புடவைதான் கிழியும்.

பஞ்சுப் பட்டைகள் நசுங்கினால் இழை சீராக வராது. செய்தித்தாளில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். 100 கிராம் தாராளம். 20-ஆம் நம்பர் நூலாக நூற்றால், கழிவு போக 3,000 மீட்டருக்கு மேல் வரும்.

சேவாகிராம் இருக்கும் வார்தாவில் மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடும். காற்று வறண்டால் பருத்தி இழை பட்பட்டென்று அறும். நூற்பாலைகளில் ஈரப்பதம் ஏற்றுவது இதற்காகத்தான். நனைத்துப் பிழிந்த துண்டைப் பக்கத்து நாற்காலியில் விரித்துவிடுங்கள். ராட்டையின் மேலேயே போட்டுவிடாதீர்கள், மரம் உப்பிவிடும்!